பலகையில் இருந்த பெயர்

கர்னல் பட்டாபிராமனுக்கு எதைப் பார்த்தாலும் அருவருப்பு. நடுரோட்டில் வண்டியை நிறுத்திப் பேசுகிறவன், நின்றுகொண்டே பானிபூரி தின்கிறவன், செல்போனில் உரக்கச் சிரிக்கிற பெண், பணம் கட்டி டாக்டர் சீட்டு வாங்கியவன், இட ஒதுக்கீட்டில் சீட்டு வாங்கியவன், எல்லோரும் அவருக்கு ஒரே சாக்கடை. ராணுவ மருத்துவமனைகளில் முப்பது வருடம் கத்தி பிடித்தவர். மனைவி இறந்தபின், மகன் பத்ரி புனே சாங்வியில் நடத்திய நர்சிங் ஹோமின் மாடியில் குடியிருந்தார்.

2001இல் நான் அங்கே ரிசப்ஷனில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். திண்டிவனத்தில் பி.காம். முடித்துவிட்டு, கசார்வாடியில் லேத் ஓட்டும் மாமாவை நம்பி புனேவுக்கு வந்திருந்தேன். கர்னல் முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்து, எந்தக் கோட்டாவில் படித்தாய் என்று கேட்டார். சொன்னேன்.

"பி.காமுக்குக்கூடவா அது வேண்டியிருக்கு?" என்றார்.

அன்றிலிருந்து எனக்கும் அவரைக் கண்டால் அருவருப்புதான். ஆனாலும் அவர் பேச உட்கார்ந்தால் நான் காது கொடுத்துக் கேட்டேன். ஏன் என்று இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. அவமானப்படுத்துகிறவனிடம் ஏதோ ஒரு உண்மை இருக்கும் என்று நம்பும்படி யார் என்னைப் பழக்கினார்கள்?

அவர் அடிக்கடி சொல்லும் ஒரு விஷயம் உண்டு. ராணுவத்தில் அவர் வேலை பார்த்த ஆபரேஷன் தியேட்டர்களில் ஒரு வழக்கம் வைத்திருந்தாராம். உடம்பிலிருந்து எதை வெட்டி எடுத்தாலும், தையல் முடிந்ததும் வெட்டியவரே அதைப் பிளந்து எல்லோருக்கும் காட்ட வேண்டும். அது கெட்டுப்போகாத உறுப்பாக இருந்தால், "தப்பாக எடுத்துவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மேஜரானாலும் சரி, கர்னலானாலும் சரி. அவரே இரண்டு முறை சொல்லியிருக்கிறாராம்.

கீழே பத்ரியின் வழக்கம் வேறு. எடுத்ததை ஒரு பாட்டிலில் போட்டு உறவினர்களிடம் காட்டுவோம். தமிழ்க் குடும்பம் என்றால் காட்டுவது நான். "நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க, வெடிக்கிற நிலைமை" என்று சொல்ல வேண்டும். பாட்டிலைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும்? கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

வாசல் பலகையில் பத்ரியின் பெயருக்கு மேலே கர்னலின் பெயர் இருந்தது. முன்னாள் ராணுவ அறுவைச் சிகிச்சை நிபுணர் என்று மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள். மகன் கேட்டதும் சந்தோஷமாகத் தந்த பெயர். ஆனால் அவர் ஆபரேஷனுக்குக் கீழே இறங்கி வருவதில்லை. தன் பெயரில் கறை படியாத வரைக்கும் ஊர் எப்படி நாறினாலும் தனக்கென்ன என்று மாடியில் இருந்தார்.

ஒரு மழைக்காலக் காலையில் தங்கராஜ் என்பவர் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கசார்வாடியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை, சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். அந்த அம்மாவுக்கு முந்தைய நாளிலிருந்து வயிற்றுவலி. பத்ரி பார்த்துவிட்டுக் குடல்வால் என்றார், உடனே எடுக்க வேண்டும் என்றார். அன்று பார்த்து உதவி டாக்டர் மழையில் மாட்டிக்கொண்டார். வேறு வழியில்லாமல் பத்ரி அப்பாவைக் கீழே கூப்பிட்டார்.

ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் வழக்கம்போல பாட்டிலை என்னிடம் கொடுக்க வந்தாள். பின்னாலேயே கர்னல் வந்தார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. பாட்டிலைப் பிடுங்கி, உள்ளே இருந்ததை எஃகுத் தட்டில் கொட்டி, தங்கராஜின் கண் முன்னால் நீளவாக்கில் பிளந்தார்.

"பாருங்கோ. வீக்கம் இல்லை, சீழ் இல்லை. நல்ல குடல்வால். தப்பா எடுத்துட்டோம்."

அதைச் சொன்னபோது அவர் விறைப்பாக நின்றார். தான் செய்தது பெரிய மரியாதை என்ற நினைப்பு முகத்தில் தெரிந்தது. தங்கராஜ் தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போர்டுல இருக்கிற கர்னல் நீங்களா சார்?"

"ஆமா."

"அந்தப் பேரப் பாத்துட்டுத்தான் சார் கூட்டியாந்தேன். பக்கத்துல வேற ஆஸ்பத்திரி இருந்துச்சு. மிலிட்டரி டாக்டரு, பொய் சொல்லமாட்டாருன்னு இங்க வந்தேன்."

கர்னல் தட்டை என் மேஜையில் வைத்துவிட்டு உள்ளே நடந்தார்.

பிறகு அப்பாவும் மகனும் உள்ளறையில் பேசியது வெளியே கேட்டது. சந்தேகம் இருந்தால் எடுத்துவிடுவதுதான் முறை என்றார் பத்ரி. "சந்தேகம் இருந்துதா? அவ வயித்துல கை வச்சுப் பார்த்தியாடா?" என்று கர்னல் கேட்டார். பலகையிலிருந்து என் பெயரை எடுத்துவிடு என்றார். எடுத்தால் கேள்வி வரும், முடியாது என்றார் மகன்.

மறுநாள் கர்னல் தங்கராஜைப் பத்ரிமேல் புகார் கொடுக்கச் சொன்னார், தானே சாட்சி சொல்வதாகவும் சொன்னார். தங்கராஜ் தலையைக் குனிந்துகொண்டு, மனைவி இன்னும் இதே கட்டிலில்தான் படுத்திருக்கிறாள், அவளை நல்லபடியாக வீட்டுக்குக் கொண்டுபோனால் போதும் என்றார். கர்னல் என் பக்கம் திரும்பினார்.

"இந்த ஜனங்களுக்குப் பத்ரிதான் சரி. முதுகெலும்பே கிடையாது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மனிதனின் இடத்தில் என் அப்பா நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

"நீங்க இத்தனை வருஷமா மேலேயேதானே சார் இருந்தீங்க? ஒரு தடவைகூட இறங்கி வந்து பாக்கலையே" என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். சட்டைப் பொத்தானைப் போடு என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினார்.

அந்த வாரமே பழைய சாங்வியில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் தினமும் காலையில் இஸ்திரி போட்ட பேண்ட்டோடு நர்சிங் ஹோம் கேட்டுக்கு வந்துவிடுவார். உள்ளே போகிறவர்களை நிறுத்தி, பலகையைக் காட்டி, அது என் பெயர், நான் உள்ளே இல்லை என்று அரைகுறை மராத்தியில் சொல்வார். சிலர் அவரை வாட்ச்மேன் என்று நினைத்து டோக்கன் எங்கே வாங்குவது என்று கேட்டார்கள். சிலர் பைத்தியம் என்று விலகிப்போனார்கள். மழையில் நனைந்தபடி அவர்களையும் திட்டினார். யாரோ ஒருவர் மட்டும் யோசித்துவிட்டுத் திரும்பிப் போவார். பத்ரி ஜன்னலிலிருந்து பார்ப்பார். என்னை அனுப்பிக் கூப்பிடச் சொல்வார். நான் போய் நிற்பேன்.

"போடா உள்ளே. உனக்குச் சம்பளம் குடுக்கறவன்கிட்ட போ" என்பார் கர்னல்.

கேட்டிலேயே திரும்பிப் போகிறவர்கள் கூடிக்கொண்டே வரவும் பத்ரி பெயின்டரை வரவழைத்தார். ஏணி போட்டு மேல்வரியை வெள்ளையடிக்க ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை. கர்னல் குடையோடு எதிர்ச்சாரியில் நின்று, தன் பெயரின் கடைசி எழுத்து மறையும்வரை பார்த்தார். உள்ளேயிருந்து மகன் வெளியே வரவில்லை. தெருவைக் கடந்து அவரிடம் போனேன்.

"ஓரமெல்லாம் வழிஞ்சிருக்கு பார்" என்றார் கர்னல். "இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் ஒழுங்கா பெயின்ட் அடிக்கத் தெரியலை."

தன் முகத்தை நான் பார்த்துவிடக் கூடாது என்று குடையைத் தாழ்த்திக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.