நாலாவது சரணம்

சபையில் அவளுக்குப் பெயர் சிலைடு அக்கா. வாரத்தில் ஆறு நாள் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவாள். ஏழாம் நாள் கடைசி வரிசைக்குப் பின்னால் கம்ப்யூட்டரைத் தட்டி, பாட்டின் வரிகளைத் திரையில் விடுவாள். யார் கண்ணுக்கு எவ்வளவு பவர் என்று தெரிந்தவள், எழுத்தைப் பெரிதாகவே போடுவாள். பாட்டுப் புத்தகங்கள் அலமாரிக்குள் போய்ப் பத்து வருடமாயிற்று. திரையில் வந்தால் பாடுவார்கள், வராவிட்டால் இல்லை. அப்படி ஒரு அதிகாரம் பாஸ்டருக்குக்கூடக் கிடையாது.

அந்த ஞாயிறு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முந்தின நாள் சாப்பிடும்போது அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக், தட்டைப் பார்த்தபடியே சொல்லியிருந்தார்.

"நாளைக்கு அழைப்புப் பாட்டு இருக்குல்ல. நாலாவது சரணத்துல முன்னாடி போயிடலாம்னு இருக்கேன்."

கூப்பிட்ட ஆண்டவருக்கு, வருகிறேன் என்று பதில் சொல்லும் சரணம் அது. அதில் முன்னால் போகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு, சபை அனுப்புகிற ஊருக்கு முழுநேர ஊழியத்துக்குப் போய்விட வேண்டும்.

"நானும் பொண்ணும்?"

"கூப்பிடுறவர் வழியும் காட்டுவார்."

மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. சிலைடு அக்காவுக்கு ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது. இத்தனை பேர் இருக்க, லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிற மனுஷன்தானா கிடைத்தார்?

சபை எழுந்து நின்று மூன்றாம் சரணத்தை முடிக்கும்போது கணவர் ஒரு காலை எடுத்து நடைவழியில் வைத்துவிட்டார். அவள் விரல் பொத்தானை இரண்டு தரம் அழுத்தியது. திரையில் ஐந்தாம் சரணம். கீபோர்டுக்காரர் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். சபையோ கணீரென்று அதையே பாடியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கணவர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு ஸ்கூட்டரில் போகும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"நாலாவது சரணம் வரல, கவனிச்சியா?"

"கம்ப்யூட்டர் தாவிடுச்சு."

"கம்ப்யூட்டர் என்ன கம்ப்யூட்டர். நான் போகக் கூடாதுன்னா நீரே தடுத்துடும்னு காலையில ஜெபம் பண்ணினேன். கால எடுத்து வைக்கிறேன், சரணத்தையே காணோம். அவர் இவ்வளவு தெளிவா எங்கிட்ட பேசினதே இல்ல. இனிமே அந்தப் பேச்சே கிடையாது."

அவர் குரலில் அப்படியொரு நிம்மதி. திருடனுக்குத் தேள் கொட்டினது போல அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சொன்னால் அடுத்த ஞாயிறே போய்விடுவார். சொல்லாவிட்டால் போக மாட்டார். ஆனால் அவள் விரல் செய்ததை ஆண்டவர் செய்ததாக நம்பி, தினமும் அவள் பக்கத்திலேயே முழங்காலில் நின்று நன்றி சொல்வார். சாகிறவரை சொல்வார்.

இரண்டு சிக்னல் கடந்தது. மூன்றாவதில் அவர் தோளைத் தட்டினாள்.

"என்னங்க, வண்டிய கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."