பேன்காரியின் கணக்கு

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆராய்ச்சி வாய்ப்பு என்று எங்கள் வேளாண் கல்லூரியில் ஒன்று உண்டு. வாய்ப்பு என்றால், பேராசிரியருக்குச் சம்பளமில்லாத ஆள் என்று அர்த்தம். ஆய்வக உதவியாளராகப் பதினெட்டு வருடம் குப்பி கழுவியவள் சொல்கிறேன், நம்பலாம்.

அந்த வருடம் வந்தவளுக்குச் செடிப்பேன் எண்ணும் வேலை. இலையின் அடியில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பூச்சி அது, கடுகில் பாதிகூட இருக்காது. விடிந்ததும் இருநூற்று நாற்பது இலைகளைத் திருப்பி, லென்ஸ் வைத்து எண்ணுவாள்; பக்கத்தில் நின்று நோட்டில் குறிப்பது நான். "என்னடி, பேன் பாத்தாச்சா?" என்று விடுதியே கேலி செய்தது. பேன்காரி என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவளும் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்து காட்டுவாள். மேற்படிப்புக்கு இடம் கிடைக்கப் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், அதற்காகத்தான் இத்தனை பாடும். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

"இடம் கெடைக்கலன்னா கழுத்த நீட்டிட வேண்டியதுதான்க்கா" என்பாள் என்னிடம்.

பேராசிரியர் சோதித்தது அவரே காய்ச்சிய பூச்சி மருந்தை. பத்தாவது வாரம் இவள் வயலிலிருந்து அவரிடம் ஓடினாள்.

"சார், மருந்து அடிச்ச செடியிலதான் பேன் அதிகமா இருக்கு. பேனைத் திங்கிற பொறிவண்டெல்லாம் கீழ செத்துக் கெடக்கு. மருந்து அதத்தான் சார் கொல்லுது!"

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவரும் சந்தோஷப்படுவார் என்று நினைத்துவிட்டாள், பைத்தியக்காரி.

"மறுபடி எண்ணு" என்றார்.

மூன்று முறை எண்ணினாள். மூன்று முறையும் அதே கணக்குதான் வந்தது.

வயல் நோட்டைப் பென்சிலில்தான் எழுதுவோம், பனி பட்டால் மை கலைந்துவிடும். பென்சில் என்றால் அழிக்கலாம். அவள் ஊருக்குப் போயிருந்தபோது அந்த நோட்டு என் மேசைக்கு வந்தது, கூடவே ஒரு ரப்பரும். பேனைப் பெருமாளாக்குவார்கள் என்று கேட்டிருக்கிறேன், இங்கே பேனை இல்லாமலே ஆக்க வேண்டும். கேட்டுவிட நாக்கு துடித்தது. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.  எண்களை மாற்றினேன். 'மாணவியின் எண்ணிக்கையில் பிழை, சரிபார்த்துத் திருத்தப்பட்டது' என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நோட்டு அவருடைய அலமாரிக்குள் போனது.

கடிதம் கேட்டதும் தட்டாமல் கொடுத்தார். ஒட்டிய உறை. "சார் எவ்வளவு நல்லவர்க்கா!" என்று எனக்கும் ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டு, அந்த உறையைத் தன் கையாலேயே நேர்முகத் தேர்வுக்குக் கொண்டுபோனாள்.

அன்று சாயங்காலம் போன் வந்தது.

"ஒழுங்கா எண்ணக்கூட வராதாமே உனக்குன்னு கேட்டாங்கக்கா. கடிதத்துல அப்படித்தான் எழுதியிருக்காம். எல்லாரும் சிரிச்சாங்க." அழுதுகொண்டே கேட்டாள்: "தினம் நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. நீங்களாவது சொல்லுங்க, நான் சரியாத்தான எண்ணினேன்?"

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

"சரிக்கா. அப்ப நான்தான் தப்பா எண்ணிட்டேன் போல" என்று போனை வைத்தாள்.