நான் கடத்தப்பட்ட கதை

போலீஸ் கணக்குப்படி நான் ஒரு தடவை கடத்தப்பட்டிருக்கிறேன். கடத்தப்பட்ட அன்று பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தது நான்தான். என்னைக் கடத்தியதாகச் சொல்லப்பட்டவரோ ஜன்னலோரத்தில் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்து, "திரும்பிப் போயிருவமா?" என்று திசையன்விளை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் வீடு திருநெல்வேலி டவுணில். சைவக் குடும்பம், அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். என்னோடு பஸ்ஸில் வந்த இவர் உவரிக்காரர், வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம், பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. எனக்குப் பதினெட்டு முடிந்து சில மாதம் ஆகியிருந்தது, இவருக்கு இருபத்திரண்டு. டைப்ரைட்டிங் வகுப்பில் பழக்கம். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் நானே போய் இவரிடம் பேசினேன். யோசிக்க வேண்டும் என்றார். விட்டால் யோசித்தே கிழவராகிவிடுவார் என்று தெரிந்தது. கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

உவரியில் இவருடைய அத்தை வீட்டில் பெண்களோடு என்னைப் படுக்க வைத்தார்கள். கல்யாணத்துக்குப் பெரியவர்களிடம் பேசலாம் என்று இருந்தபோதே போலீஸ் வந்துவிட்டது. பதினேழு வயதுப் பெண்ணைக் கடத்திவிட்டான் என்று அப்பா புகார் கொடுத்திருந்தார்.

ஸ்டேஷனில் ஏட்டையா இவரை ஓங்கி ஓர் அறை விட்டார். "ஏலே, சின்னப் பிள்ளையத் தூக்கிட்டு வந்திருக்க, என்ன தைரியம்லே ஒனக்கு?"

"அவுக என்னத் தூக்கிட்டு வரல சார். நாந்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றேன்.

"நீ சும்மா இரும்மா. ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் ஏட்டையா, அன்பாகத்தான். எனக்கு டீ கூட வாங்கிக் கொடுத்தார். அந்த டீயை அவர் தலையிலேயே ஊற்றலாம் போல ஆத்திரம் வந்தது. ஆண் என்றால் திருடன். பெண் என்றால் களவுபோன பித்தளைக் குடம். குடத்திடம் யார் வாக்குமூலம் வாங்குவார்கள்?

அந்தப் பதினேழு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா ஒரு வயது குறைத்துச் சொல்லியிருந்தார். உத்தியோகக்காரர்கள் பலரும் அப்போது அப்படித்தான் செய்தார்கள். நாளைக்குப் பிள்ளைக்கும் அரசாங்க வேலை கிடைத்தால், ரிட்டயர் ஆவதற்குள் ஒரு வருஷம் கூடுதலாகச் சம்பளம் வாங்கலாமாம். பால்பல் விழாத பிள்ளைக்கு ரிட்டயர்மெண்ட் கணக்கு! வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இப்போது அதே ஒரு வருஷம் இவரை ஜெயிலில் கொண்டுபோய் வைத்தது. பதினெட்டு ஆகாத பெண், தானே விரும்பிப் போனாலும் சட்டத்துக்கு அது கடத்தல்தான். என் நிஜ வயதை நிரூபிக்காவிட்டால் இவர் வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டியதுதான் என்றார் வக்கீல்.

என்னைப் பாளையங்கோட்டையில் ஒரு காப்பகத்தில் வைத்தார்கள். எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், பதினேழிலிருந்து பத்தொன்பதுக்குள் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இவருக்கு ஜெயிலில் அடி விழுகிறதோ என்னவோ என்று நினைத்தால் சோறு இறங்காது.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் ஒரு பெண். அப்பா என்னுடைய பள்ளிக்கூடச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு விறைப்பாக நின்றார். அம்மாவை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. அவள் பாட்டுக்குப் பின்வரிசையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். கடைக்காரரிடம்கூடக் குரலை உயர்த்தாதவள்.

"பெத்தவ நான் ஒண்ணு சொல்லலாமாம்மா?"

குரல் அம்மாவுடையது என்று எனக்கே ஒரு நொடி பிடிபடவில்லை. மாஜிஸ்திரேட் அவளை முன்னால் வரச் சொன்னார்.

"இவளுக்குப் பதினெட்டு முடிஞ்சிட்டு. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது அவியதான் ஒரு வயசு கொறச்சுச் சொன்னாவ. அவியளையே கேளுங்க. பொய் சொல்ல மாட்டாவ."

அப்பா இல்லையென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. மாஜிஸ்திரேட் அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாம்மா, கொறச்சுத்தான் சொன்னேன்" என்றார்.

"நீ யார்கூடப் போகணும்?" என்று மாஜிஸ்திரேட் என்னிடம் கேட்டார். இத்தனை நாளில் என்னை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்னேன். அவுககூடத்தான் என்று, சத்தமாகவே சொன்னேன்.

இவரைச் சொந்த ஜாமீனில் விட உத்தரவானது. "சாயந்தரம் வெளிய வந்துருவாரு, கேஸும் நிக்காது" என்று வக்கீல் சொன்னதும் கோர்ட் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்படி ஒரு நிம்மதி. வக்கீல் சொன்னபடியே இவர் வந்தார், கேஸும் பிறகு தள்ளுபடியானது.

ஆனால் அந்த வாசலில் எனக்கு அம்மாவைப் பற்றிப் பயமாக இருந்தது. "வீட்டுல அப்பா ஒன்ன என்ன செய்வாவளோம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்ய மாட்டாவ" என்றாள். என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "என்னக் கட்டிக் குடுக்கும்போது எனக்குப் பதினாலு வயசுட்டி. தாலி கட்டுத வரைக்கும் மாப்பிள்ள மொகத்தக்கூட நான் பாக்கல. அன்னைக்கு ஒரு போலீஸ்காரன் வந்து எனக்கு வயசு என்னன்னு கேட்டானா?"

அம்மா அதை இதற்கு முன் ஒருபோதும் சொன்னதில்லை. சொன்னவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். டவுண் பஸ் வந்து நின்றது. அப்பா முந்தி ஏறி, பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டுவிட்டு, அம்மா ஏறுவதற்காகக் காத்திருந்தார்.