ஜெயன் போடாத நண்டு

உதியன்குளங்கரை ஜங்ஷனில் மீன்கடை எங்கே என்று கேட்டால் இரண்டு கடைகளைக் கைகாட்டுவார்கள். ஒன்றில் குழம்புக்கு மீன் கிடைக்கும். மற்றொன்று ஜெயனுடையது, அங்கே பார்ப்பதற்கு மட்டும்தான். நாற்பது வயதுக்குள் ஜெயன் பார்க்காத வேலை இல்லை. பெயிண்ட் அடித்தான், கேபிள் இழுத்தான், வளைகுடாவில் இரண்டு வருடம் ஒரு ஓட்டலின் மீன் தொட்டிகளைத் துடைத்தான். அந்தக் கடைசி வேலை ஒட்டிக்கொண்டது. இன்று பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் ஏழெட்டுப் பேருக்கும் அவன்தான் வைத்தியன். வாரம் ஒருமுறை பெட்டி ஆட்டோவில் பொழியூருக்குப் போய்க் கேன் கேனாகக் கடல்தண்ணீர் கொண்டுவந்து மாற்றுவான். தொழில் தெரிந்தவன்தான், மறுப்பதற்கில்லை. அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்றும் நினைத்திருந்தான். வினை அங்கேதான் பிடித்தது.

அவன் வைத்ததில் பெரிய தொட்டி பாறசாலை தாணுமாலயன் சார் வீட்டில் இருந்தது. சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஓணத்துக்கு மகன் குடும்பத்தோடு துபாயிலிருந்து வருகிறான், தொட்டி மொட்டையாக இருக்கிறது, நல்ல கல்லாக ஒன்று போடு என்று சாரின் மனைவி விஜயம்மா நச்சரித்தாள். ஜெயன் பொழியூரில் மெல்பினிடம் சொன்னான். பாறையில் சிப்பி எடுக்க முங்குகிற மெல்பின் மறுநாளே ஒரு கல்லைத் தூக்கிவந்தான். ஊதாப் பாசி படர்ந்து, பொந்தும் பொடையுமாக, பார்க்க அத்தனை அழகு.

“ஜெயண்ணா, இத உடனே தொட்டியில போடண்டாம்,” என்றான் மெல்பின். “ஒரு மாசம் தனியாட்டு வச்சுப் பாக்கணும். பொந்துக்குள்ள என்ன கெடக்கும்னு ஆருக்குத் தெரியும்?”

“எலே, எனக்கே படிப்பிக்கியா?” என்று சிரித்தான் ஜெயன்.

ஒரு மாதம் என்பது அவனுக்கும் தெரியும். ஓணத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது. கல்லை அன்றைக்கே போட்டுவிட்டான்.

மகனும் பேரப்பிள்ளைகளும் தொட்டி முன்னால் நின்று படமெடுத்தார்கள், பாயசம் குடித்தார்கள், விமானம் ஏறினார்கள். அதன்பிறகுதான் மீன்கள் குறையத் தொடங்கின. கணக்கு வாத்தியார் தினமும் காலையில் தொட்டியைச் சுற்றிவந்து எண்ணுவார். பதினொன்று இருந்த இடத்தில் பத்து. நாலு நாள் கழித்து ஒன்பது. பிறகு ஏழு. செத்த மீனாவது மிதக்க வேண்டுமே, அதுவும் இல்லை.

ஜெயன் வந்து உப்பின் அளவைப் பார்த்தான், சரியாக இருந்தது. மோட்டார் இழுத்துவிட்டதோ என்று பிரித்துப் பார்த்தான். வெளியே துள்ளி விழுந்து காய்ந்து கிடக்கிறதோ என்று அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்தான். பக்கத்து வீட்டுப் பூனை மேல்கூட அவனுக்குச் சந்தேகம் வந்தது. கல்லின் மேல் மட்டும் வரவில்லை.

ஒருநாள் விஜயம்மா போனில் கேட்டாள். “ஜெயா, தொட்டிக்குள்ள நண்டு எதாவது உண்டா, மக்கா?”

கடையில் ஆட்கள் நின்றார்கள். “நண்டா? நான் நண்டே போடல்லியே அம்மா. பின்ன எங்கேருந்து வரும்? ஆராவது விவரமில்லாம சொல்லுவாங்க,” என்று வைத்துவிட்டான்.

ஐந்து மீன் ஆனபோது சார் அவனை உட்காரவைத்துக் கேட்டார். “தண்ணி நல்லாட்டு உண்டு, மோட்டார் நல்லாட்டு உண்டு. அப்போ மீனு எங்க போச்சு? ஆளு எடுத்திருக்குமோ?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வைத்தியனுக்கு அது வாயில் வராத சொல். “இந்த மீனுக்கு வெளியில நல்ல கிராக்கி உண்டு, சார்,” என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அந்த வீட்டுக்கு வந்துபோகிற வெளியாள் இருவரே. ஒருவன் ஜெயன். மற்றவள் வீட்டுவேலை செய்யும் ஷிஜா, மெல்பினின் மனைவி. பொழியூரிலிருந்து விடியுமுன்பே முதல் பஸ் பிடித்து வருகிறவள். அந்த வேலையை வாங்கிக்கொடுத்ததே ஜெயன்தான். அவன் கிராக்கியைப் பற்றிப் பேசிய நேரத்தில் அவள் பக்கத்து அறையில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் விஜயம்மா அவளிடம் இனி வரண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் தண்ணீர் மாற்றும்போது கல்லின் அடியில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு நண்டு ஓடு கிடந்தது. ஜெயன் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். செத்த நண்டின் ஓடு இல்லை. வளர்கிற நண்டு கழற்றிப்போட்ட சட்டை. ஓட்டைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டான். ஒரு கண்ணாடித் தம்ளரில் கணவாய்த் துண்டு வைத்து, கல்லோடு சாய்த்து வைத்துவிட்டு, தம்ளரை எடுக்க வேண்டாம், தண்ணீருக்கு மருந்து என்று சொல்லிப் போனான். காலையில் வந்தபோது, ஏற முடியாமல் தம்ளருக்குள் அது கொடுக்கை விரித்து உட்கார்ந்திருந்தது. சார் குளித்துக்கொண்டிருந்தார், விஜயம்மா அடுக்களையில் இருந்தாள். ஜெயன் அதைப் பக்கெட்டில் கவிழ்த்து மூடினான்.

“என்னது மக்கா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஒண்ணுமில்ல அம்மா. அழுக்காக்கும்.”

சொன்னால் என்ன ஆகும்? கல்லைப் போட்டவன் யார் என்பார்கள். செய்தி ஏழெட்டு வீட்டுக்கும் போகும். நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் நண்டு போனபின் ஒரு மீனும் குறையவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, ஷிஜா போனதையும் மீன் குறைவது நின்றதையும் அந்த வீடு சேர்த்து முடிச்சுப் போட்டது. “பாத்தியா ஜெயா, அவ போன பின்ன ஒண்ணும் போகல்ல,” என்று விஜயம்மா வாரம் தவறாமல் சொன்னாள். அவனிடம் மட்டுமா சொன்னாள்? கோயிலில் சொன்னாள், கல்யாண வீட்டில் சொன்னாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் ஜெயனின் கடையில், மேசைக்கடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் உயிரோடு வளர்ந்தது. கொல்லவும் கை வரவில்லை, கடலில் விடவும் மனம் வரவில்லை. தீனி போட்டுக்கொண்டிருந்தான்.

பொழியூருக்கு எப்போதும்போல் போனான். மெல்பின் எப்போதும்போல் கேன் தூக்கிக் கொடுத்தான். நாலு மாதம் கழித்து ஒருநாள், கடைசிக் கேனை ஏற்றிவிட்டு மெல்பின் அங்கேயே நின்றான்.

“அண்ணா, அவளை ஒரு வீட்டுலயும் வேலைக்குக் கூப்பிடுகதில்ல. கோட்டுகால்ல ஒரு வீட்டுல ரெண்டு நாள் போனா. அங்கயும் கேட்டறிஞ்சு நிப்பாட்டிட்டாங்க. அவ எடுக்கக்கூடியவ இல்ல. நீங்க அந்த வீட்டுக்குப் போறவருல்லா, அவளுக்காட்டு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?”

ஜெயன் கேனின் மூடியைத் திருகி இறுக்கினான். சொல்லுகேன் என்று தலையை மட்டும் ஆட்டினான். திரும்பும் வழி முழுக்கத் தன்னையே காறித் துப்பிக்கொண்டான்.

மறுநாள் காலை நண்டைப் பக்கெட்டில் போட்டுக்கொண்டு மெல்பின் வீட்டுக்குப் போனான். மெல்பின் கடலுக்குப் போயிருந்தான். ஷிஜா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜெயன் மூடியைத் திறந்து காட்டி, கல், ஓடு, தம்ளர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். “என்னை மன்னிக்கணும், ஷிஜா,” என்றான். அவனுக்குக் கண் கலங்கியது.

அவள் குனிந்து பார்த்தாள். “வளந்துபோச்சே,” என்றாள்.

“நீ இதப் பாத்திருக்கியா?”

“விடியக்கால வெளுப்புக்கு நான் தொட்டி விளக்கைப் போடுகப்போ பொந்துக்குள்ள கொடுக்கு இழுக்குகதப் பாத்தேன் அண்ணா. பொந்து வாசல்ல நறுக்கின செதிலும் கெடந்தது. கடப்புறத்துல பெறந்தவளுக்கு நண்டு தெரியாதா? அம்மைகிட்ட சொன்னேன். அவங்க என் முன்னாலதான் உங்களுக்குப் போன் போட்டாங்க.”

அன்று போனில் தான் சொன்னது ஜெயனுக்கு நினைவு வந்தது: ஆராவது விவரமில்லாம சொல்லுவாங்க. ஸ்பீக்கரில் அவன் குரலை அவள் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். வாரா வாரம் அதே தொட்டிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள், இந்தப் பக்கம் அவன் நின்றான். பூனையைச் சந்தேகப்பட்ட நேரத்தில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

“அந்த வீட்டுல சொன்னீங்களா?” என்று கேட்டாள் ஷிஜா.

“இல்ல. முதல்ல உங்கிட்ட...”

“நான் எடுக்கல்லன்னு எனக்குத் தெரியும் அண்ணா. எனக்குத் தெரிஞ்சத எங்கிட்ட வந்து சொல்லி என்ன பிரயோஜனம்?” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள். “வெயில் ஏறுகதுக்கு முன்ன போங்க. அது செத்துப்போச்சுன்னா நீங்க சொல்லுகத ஆரு நம்புவா?”

ஜெயன் பக்கெட்டை முன்னால், கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு ஓட்டினான். பாறசாலையில் விஜயம்மாவே கேட்டைத் திறந்தாள். உள்ளே சார் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

“வா மக்கா, இன்னைக்கு உன் நாளில்லியே?” என்றாள் விஜயம்மா முகம் மலர. “காலத்த எந்திச்சதும் சார் எண்ணினாரு. அஞ்சும் உண்டு. அந்தப் பெண்ணு போன பின்ன ஒண்ணும் போகல்ல, பாத்தியா?”

ஜெயன் பக்கெட்டை அவள் காலடியில் வைத்து மூடியைத் திறந்தான்.