திகதி இல்லாத கையெழுத்து

டொக்டர் பாலேஸ்வரி கனகசபாபதி கோபக்காரி என்பது எல்லை அலுவல்கள் அதிகாரசபை முழுக்கத் தெரிந்த விஷயம். தேநீர் கொண்டுபோகிறவர்கூட கதவைக் கொஞ்சமாகத் திறந்து முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். அந்தக் கோபம் ஏன் வந்தது என்று கேட்டவர்கள்தான் குறைவு.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த தொடர்மாடி ஒன்றின் நாலாம் மாடியில் கணவரோடு வசிக்கிறார். மகள் ரூபிகா மெல்பேணில். பாலேஸ்வரி பதினாறு வருடம் காசநோய்ப் பிரிவுகளில் வேலை செய்தவர். பிறகு துறைமுகச் சுகாதாரம். நாட்டுக்குள் வருகிறவர்களையும் வெளியே அனுப்பப்படுகிறவர்களையும் ஒரே இடத்திலிருந்து கையாள அதிகாரசபை அமைக்கப்பட்டபோது, அதன் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்க ஒருவரும் முன்வரவில்லை. தனியார் மருத்துவமனைகளில் மாலைநேரம் பார்க்கிற பெரிய டொக்டர்மாருக்கு, விசா முடிந்தவனுடைய சொறியையும் கப்பல்காரனுடைய இருமலையும் பார்க்க என்ன தலைவிதி? பாலேஸ்வரி போனார். ‘பதில் பிரதம மருத்துவ அதிகாரி’ என்று கடிதம் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் நிரந்தரமாக்குவோம் என்றார்கள். நாலு வருடம் போய்விட்டது.

அவர் பொறுப்பெடுத்த முதல் கிழமை கொட்டாஞ்சேனையில் இருந்த தடுப்பு இல்லத்தைப் பார்க்கப் போனார். நாடு கடத்தப்பட இருக்கிறவர்களை விமானம் கிடைக்கும்வரை அங்கேதான் வைத்திருப்பார்கள். நோயாளர் அறை என்று காட்டிய இடத்தில் ஒரு உடைந்த கட்டிலும் நிலம் துடைக்கிற வாளிகளும் இருந்தன. மருந்து அலுமாரியைப் பூட்டிய திறப்பு காவலாளியின் இடுப்பில். யாருக்கு என்ன வருத்தம் என்றாலும் அவர்தான் இரண்டு பனடோல் கொடுப்பார். நீரிழிவுக்காரி ஒருத்தி பதினொரு நாள் மருந்தில்லாமல் கிடந்திருந்தாள். அன்றைக்கு அந்த இல்லத்தின் முற்றத்தில் நின்று பாலேஸ்வரி போட்ட சத்தம் வீதிக்குக் கேட்டது என்று சொல்வார்கள்.

சத்தம் போட்டதோடு விடவில்லை. துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் தடுப்பு இல்லத்துக்குமாகப் பதினொரு டொக்டர்மாரைத் திரட்டினார். அறுபத்திரண்டு பக்கத்தில் ஒரு கைநூல் எழுதினார். தடுத்து வைக்கப்பட்டவர் விமானத்தில் போகத் தகுதியானவரா என்பதை அவரைத் தொட்டுப் பார்த்த டொக்டர் மட்டுமே சொல்லலாம் என்று அதில் ஒரு விதி. அவசரம் என்றால் யாருடைய அனுமதியும் கேளாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று இன்னொன்று. அதிகாரசபையின் பணிப்பாளர் நாயகம் அதை வாசிக்காமலே ஒப்பமிட்டார்.

சென்ற வருடம் மே மாதம் அந்தப் பதவியை நிரந்தரமாக நிரப்ப ஒரு வியாழக்கிழமை நேர்முகம் வைத்தார்கள். அதற்கு முந்தின திங்கட்கிழமை காலை பத்து மணிபோல தடுப்பு இல்லத்திலிருந்து டொக்டர் றுஷ்னா தொலைபேசி எடுத்தார். தெஹிவளைப் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம்.

“மெடம், அலவி எண்டு ஒரு ஆள். கீழக்கரை. கப்பல்ல குக்கா இருந்தவர். முதலாளி கப்பலை இங்க விட்டுட்டுப் போயிட்டாராம், இவர் விசா இல்லாம மாட்டிக்கிட்டார். இண்டைக்குப் பின்னேரம் சென்னை ஃப்ளைட். எனக்கு அவரை அனுப்ப ஏலாது மெடம்.”

“ஏன்?”

“இடப்பக்கம் மூச்சுச் சத்தமே கேக்கல்ல. எக்ஸ்ரே எடுக்கோணும் எண்டு சொன்னேன். வாகனம் இல்லையாம். நான் சைன் வைக்கல்ல. இப்ப அவங்க சொல்றாங்க, உங்கட சைன் வேணாம், மேல இருந்து சேர்ட்டிஃபிக்கட் வந்திட்டுதாம்.”

“மேல இருந்தோ? ஆர் குடுத்தது?”

“நீங்கதான் மெடம்.”

பாலேஸ்வரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார்.

இல்லத்தின் அலுவலகத்தில் நாடு கடத்தல் பிரிவின் உதவிப் பணிப்பாளர் தாரிகா இருந்தார். மேசையில் அலவியின் கோப்பு. பாலேஸ்வரி கேட்காமலே அதை இழுத்துத் திறந்தார். பயணத் தகுதிச் சான்றிதழ் மேலேயே இருந்தது. ‘பரிசோதித்தேன், விமானப் பயணத்துக்குத் தகுதியானவர்.’ கீழே அவருடைய கையெழுத்து, ஒரு வளைவும் பிசகாமல். திகதி மட்டும் இல்லை. படித்து முடித்த நாளிலிருந்து அவர் திகதி போடாமல் எதிலும் கையெழுத்து வைத்ததில்லை. ஊழியர்களின் தடுப்பூசி அட்டைகளில் அச்சிடுவதற்காக நிர்வாகப் பிரிவு அவருடைய கையெழுத்தை ஒருமுறை ஸ்கான் பண்ணி வாங்கியிருந்தது. அதிலிருந்து கையெழுத்தை மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

“இது என்ன?” என்று சிங்களத்தில் கேட்டார்.

தாரிகா நிமிரவில்லை. “மெடம், ஒழுங்குக்காகத்தானே. டிக்கட் எடுத்தாயிற்று. அந்த மனிதரும் வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் அழுகிறார். ஒரு மணித்தியாலம் இருபது நிமிடப் பயணம். அதற்குள் என்ன ஆகிவிடும்?”

“அவர் செத்துப்போகலாம். அதுதான் ஆகும்.”

நோயாளர் அறையில் அலவி கட்டிலில் முன்பக்கம் குனிந்தபடி இருந்தார். நாற்பது வயதிருக்கும். நெடுத்து மெலிந்த உடம்பு. ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் நின்று மூச்சு எடுத்தார்.

“அம்மா, நீங்க தமிழா? அல்ஹம்துலில்லாஹ். முந்தாநாள் இருமினப்போ நெஞ்சுல ஏதோ அறுந்த மாதிரி இருந்துச்சு. அப்பறம் மூச்சு முழுசா இறங்க மாட்டேங்குது. படுத்தா அடைக்குது.”

“ஆருக்கும் சொன்னனீங்களோ?”

“சொன்னேம்மா. பனடோல் குடுத்தாங்க.”

நாலு வருடத்துக்குப் பிறகும் பனடோல். பாலேஸ்வரிக்கு உச்சி கொதித்தது. ஆனால் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்கும்போது கையை அமைதியாகவே வைத்திருந்தார். வலப்பக்கம் காற்றுப் போய் வருவது கேட்டது. இடப்பக்கம் தட்டினால் வெறும் டப்பாவைத் தட்டுகிற சத்தம், மூச்சு இல்லை. றுஷ்னா சொன்னது சரி. நுரையீரலில் ஓட்டை விழுந்து, காற்று வெளியே கசிந்து, நுரையீரலையே அமுக்கிக்கொண்டு நிற்கிறது. விமானம் மேலே ஏற ஏற அந்தக் காற்று இன்னும் விரியும். இருதயத்தையும் மற்றப் பக்கத்து நுரையீரலையும் நெரிக்கும். ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம் தேவையில்லை, இருபது நிமிடமே போதும்.

அங்கேயே கடதாசி எடுத்து, அவசரமாக ஆஸ்பத்திரிக்கு மாற்றக் கட்டளை எழுதினார். கையெழுத்து, திகதி, நேரம்.

“வாகனம் இல்லை” என்றார் தாரிகா.

“விமான நிலையத்துக்குக் கொண்டுபோக இருக்கிற வான்?”

“அது விமான நிலையத்துக்கு மட்டும்தான் அனுமதி.”

“அம்புலன்ஸ்?”

“கேட்டிருக்கிறோம். இரண்டு மணித்தியாலமாவது ஆகும்.”

பாலேஸ்வரி அலவியைத் தன் காரின் பின் இருக்கையில் சாய்த்து இருத்தினார். பக்கத்தில் றுஷ்னா ஒட்சிசன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார். முன் இருக்கையில் ஒரு காவலர். “நீங்களும் வாருங்கோ. நான் ஒருத்தரையும் கடத்திக்கொண்டு போகேல்லை எண்டதுக்கு நீங்கள்தான் சாட்சி” என்று அவரைத் தமிழில் கூப்பிட்டார். அவருக்கு விளங்கியதோ தெரியாது, ஏறிவிட்டார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடப்பக்க நுரையீரல் ஒரு கைமுட்டி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. சத்திரசிகிச்சை டொக்டர் விலா எலும்புகளுக்கு இடையில் குழாயைச் செருகினார். அடைபட்ட காற்று போத்தல் தண்ணீரில் குமிழியிட்டு வெளியேறியது. ஐந்து நிமிடத்தில் அலவியின் உதடு நீலம் மாறிச் சிவந்தது. “அம்மா, இறங்குதும்மா” என்றார். மூச்சைத்தான் சொன்னார்.

விமானம் புறப்பட வேண்டிய நேரத்தில் பாலேஸ்வரி ஆஸ்பத்திரி வாசலில் நின்று கோப்பில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் எடுத்திருந்த அந்தப் போலிச் சான்றிதழின் படத்தைப் பணிப்பாளர் நாயகத்துக்கு அனுப்பினார். ‘இதைச் செய்தவர் யார் என்று நாளைக் காலைக்குள் தெரிய வேண்டும்.’

அடுத்த நாள் காலை அவருக்குக் கிடைத்தது பதில் அல்ல, குற்றப் பத்திரம். தடுத்து வைக்கப்பட்ட ஒருவரை அனுமதியின்றித் தனியார் வாகனத்தில் ஏற்றிச் சென்றார். அவ்வளவுதான். கையெழுத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மனிதர் உயிரோடு இருக்கிறார் என்பதைப் பற்றியும் ஒரு எழுத்து இல்லை.

பணிப்பாளர் நாயகம் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மென்மையாகப் பேசுகிற மனிதர். அந்த மென்மைதான் பாலேஸ்வரிக்குப் பிடிக்காது.

“டொக்டர், வியாழக்கிழமை நேர்முகம். நான்தான் குழுவின் தலைவர். இந்தக் கடிதத்தை நான் திரும்ப எடுக்கலாம். நீங்களும் அந்தச் சான்றிதழ் விஷயத்தை மறந்துவிடுங்கள். எழுதுவினைஞர் ஒருவரின் தவறு. நாங்கள் ஒரே குடும்பம்.”

“குடும்பத்தில் ஒருவர் மற்றவருடைய கையெழுத்தைக் களவெடுப்பதில்லை, சேர். அது குற்றம். நான் இன்றைக்கே பொலிஸுக்குப் போகிறேன்.”

“உயர் பதவிக்கு வரப் போகிறவர் நிறுவனத்தின் பக்கம் நின்று யோசிக்க வேண்டும்.”

“நான் செத்த ஆள் ஒருவரை விமானத்திலிருந்து இறக்க வேண்டி வராமல் உங்கள் நிறுவனத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். வேறு எந்தப் பக்கம் நிற்க?”

வீட்டில் கணவர் கனகசபாபதி அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தைந்து வருடம் எவரோடும் முரண்படாமல் ஓய்வு பெற்ற மனிதர்.

“ரெண்டு நாள் பொறும் பாலேஸ். இன்ரர்வியூ முடியட்டும். பதவி கையில வந்தாப் பிறகு சண்டையைப் பிடியும்.”

“வந்தாப் பிறகு அவங்கள் என்ர வாயைக் கட்டிப்போடுவாங்கள். என்ர பேரில ஒரு மனுசனைக் கொல்லப் பாத்திருக்கிறாங்கள். என்ர பேரில! அவன் அந்தரத்தில செத்திருந்தா, அவன்ர பெண்சாதி ஆரைத் திட்டியிருப்பா? என்னை!”

“அது சரிதான்.”

“சரி எண்டா சான்றிதழ்ப் படம் இருக்கிற பைலை எடுத்துத் தாங்கோ.”

அன்று மாலையே இருவரும் பொலிஸுக்குப் போனார்கள். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக்கொண்ட சார்ஜன்ட், “கையெழுத்து உங்களுடையதுதானே மெடம், பிறகு என்ன முறைப்பாடு?” என்று கேட்டார். பாலேஸ்வரி மூன்று தரம் விளக்கினார். மூன்றாம் தரம் மேசையில் கையால் அடித்தார். எழுதினார்கள்.

வியாழக்கிழமை நேர்முகத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். நீங்கள் தடுத்து வைக்கப்பட்டவர்களுக்கு டொக்டரா, அதிகாரசபைக்கு டொக்டரா என்று ஒருவர் கேட்டார்.

“என் முன்னால் கட்டிலில் இருக்கிறவருக்கு” என்றார் பாலேஸ்வரி. “அதிகாரசபைக்கு வருத்தம் வந்தால் அதையும் பார்க்கலாம். இப்போது வந்திருக்கிறது.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பதவி வேறு ஒருவருக்குப் போயிற்று. நோயாளியைத் தொட்டு இருபது வருடமான, கோப்புகளோடு மட்டும் பழகிய டொக்டர் ஒருவர். பாலேஸ்வரியை விமான நிலையத் தடுப்பூசிப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆபிரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி. வெள்ளவத்தையிலிருந்து தினமும் போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம்.

அலவியின் குழாயை ஆறாம் நாள் எடுத்தார்கள். நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டது என்று எக்ஸ்ரேயில் உறுதியான பிறகும் டொக்டர்மார் அவரை உடனே விடவில்லை. ஐந்து கிழமைக்குப் பிறகு, றுஷ்னா தானே பரிசோதித்துக் கையெழுத்திட்ட சான்றிதழோடு அவர் சென்னைக்குப் பறந்தார். விமான நிலையத்தில் பாலேஸ்வரியின் அறையைத் தேடி வந்து, “உங்க பேரை என் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேம்மா, துஆவுல வச்சிருக்கா” என்றார். பாலேஸ்வரி, “கப்பலுக்குப் போகாதையுங்கோ, பீடியும் பத்தாதையுங்கோ” என்று அதட்டி அனுப்பினார்.

புதிய பிரதம மருத்துவ அதிகாரி வந்து இரண்டாம் மாதம் சுற்றறிக்கை ஒன்று விட்டார். பயணத் தகுதியை இனி நிர்வாகமே தீர்மானிக்கும், டொக்டரின் கருத்து ‘கவனத்தில் எடுக்கப்படும்’. அதைக் கண்டதும் றுஷ்னா பதினொரு டொக்டர்மாருக்கும் கடிதம் ஒன்றைச் சுற்றுக்கு விட்டார். நாங்கள் பார்க்காத நோயாளிக்கு எங்கள் பெயர் இல்லை, நாங்கள் மறுத்த நோயாளியை அனுப்பினால் அன்றைக்கே எல்லோரும் வேலையை நிறுத்துவோம். ஒன்பது பேர் ஒப்பமிட்டார்கள், இரண்டு பேர் பயந்தார்கள். மூன்று கிழமையில் சுற்றறிக்கை சத்தமில்லாமல் திரும்ப எடுக்கப்பட்டது.

றுஷ்னா அதைச் சொல்ல வெள்ளவத்தைக்கு வந்தார். பாலேஸ்வரி அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“நல்லா எழுதியிருக்கிறீர். அந்த ரெண்டு பேர் ஆர்?”

“விடுங்க மெடம், அவங்களுக்குச் சின்னப் பிள்ளைகள் இரிக்கி.”

“எனக்கும் ஒண்டு இருந்தது, காசநோய் வாட்டில வேலை செய்யேக்க” என்றார் பாலேஸ்வரி.

போலிச் சான்றிதழ் விசாரணை இன்னும் முடியவில்லை. நாலு தரம் திகதி மாற்றினார்கள். ஒரு தரம் கோப்பு காணாமல் போய், படம் இருக்கிறது என்றதும் கிடைத்தது. முறைப்பாட்டைத் திரும்ப எடுத்தால் ஓய்வுக்கு முன் நல்ல இடத்துக்கு மாற்றம் தரலாம் என்று தாரிகாவே ஒருநாள் தொலைபேசியில் சொன்னார். பாலேஸ்வரி அந்த அழைப்பின் நேரத்தையும் சொன்ன வசனங்களையும் எழுதி, அதையும் விசாரணைக்கு அனுப்பினார். அடுத்த தவணை வருகிற மாதம். அன்றைக்கு லீவு கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார். காரணம் என்ற இடத்தில் ‘என் பெயரைத் திரும்பப் பெறுவதற்கு’ என்று எழுதியிருக்கிறார்.