ஊதக்காத்து

பட்டணத்தை ஒட்டிய அண்ணனூருக்கு நாங்கள் குடிவந்த வருஷம், ஐப்பசியில் ஒரு சாயங்காலம், ஈரம் போகாத துணிகளை மொட்டை மாடியில் எடுத்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு அண்ணன் படியேறி வந்தார். மின்சார ரயில் ஷெட்டில் வேலை, கழுத்தில் எப்போதும் ஒரு மஃப்ளர். "இன்னாம்மா, ஊதக்காத்துல தலையக் காட்டிக்கினு நிக்கிற? சளி புட்ச்சிக்கும்" என்றார்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இந்தக் காற்றுக்கு வாடை என்றுதான் பேர். புதுச் சொல் ஒன்று காதில் விழுந்தால், வேலை எத்தனை கிடந்தாலும் அகராதியைப் புரட்டாமல் எனக்குத் தூக்கம் வராது. என் வீட்டுக்காரர் இதை வியாதி என்பார். புரட்டினேன். ஊதுவதால் ஊதை. ஐப்பசி கார்த்திகைக் குளிரோடு வருகிற காற்று. பழைய பாட்டுகளில் எல்லாம் வீசியிருக்கிறது. பேச்சில் கடைசி எழுத்து தேய்ந்து 'ஊத' ஆகிவிட்டது, அவ்வளவுதான். மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். "அப்ப நாங்க பேசறது புலவர் பாஷைன்னு சொல்லு. ஷெட்ல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்" என்று மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார்.

போன சித்திரையில் அவர் போய்விட்டார். அன்று காலை அவருக்கும் அவர் மனைவி, கீழ்வீட்டு அக்காவுக்கும் மிக்ஸி ரிப்பேரை வைத்துச் சண்டை. போட்டு வைத்த டீயைக் குடிக்காமலே டூட்டிக்குப் போனவருக்கு மதியம் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா அந்த டீயைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதார்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அவர்கள் கத்தோலிக்கர்கள். அன்று கல்லறைக்கு வெள்ளையடித்து, பூப் பரப்பி, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சாமியார் ஒவ்வொரு கல்லறையாக வந்து ஜெபம் சொல்லி மந்திரிப்பார். அண்ணனுக்கு இது முதல் வருஷம். துணைக்கு வா என்று அக்கா கூப்பிட்டார், போனேன். அண்ணனின் தங்கையும் வந்திருந்தாள். அக்காவின் கூடையில் பூவும் மெழுகுவர்த்தியும், அடியில் ஒரு ஃபிளாஸ்க்கும் இருந்தன.

மழை மூட்டம். ஏற்றிய மெழுகுவர்த்தி அணைந்தது. அக்கா மறுபடி ஏற்றினார், அணைந்தது. மண்ணைக் குழித்து உள்ளே வைத்தும் நிற்கவில்லை. தங்கைக்காரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மொத வருஷம் அணையக் கூடாது அண்ணி. அவுரு மனசு ஆறலன்னு அர்த்தம்" என்றாள்.

அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. "என் மேல இன்னும் கோவமா கீறாரு. டீயக் கூட குடிக்காம பூட்டாரே" என்று கல்லறை மேலேயே தலையைச் சாய்த்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சுத்திலும் பாருங்க, எல்லா கல்லறையிலயும்தான் அணையுது. இத்தனை பேருக்குமா பொண்டாட்டி மேல கோபம்? இது ஊதைக்காத்து அக்கா. வருஷா வருஷம் இந்த மாசம் வர்றதுதான். அண்ணனே சொல்லுவாங்களே!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். புருஷனைப் பறிகொடுத்தவரிடம் போய் அகராதியை விரிக்கிறேனே என்று என் மேலேயே எரிச்சல். ஆனால் அக்கா தலையைத் தூக்கினார். காற்று வரும் வடக்குப் பக்கம் பார்த்தார்.

"ஆமா, ஊதக்காத்து" என்றார். "அவுருக்கு இது ஆவவே ஆவாது. காதுல பட்டா ராத்திரிலாம் இருமிகினே இருப்பாரு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வடக்கே முதுகைக் காட்டி, கல்லறையை ஒட்டி உட்கார்ந்து, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். "நீ இப்டி வா, ஒட்டி உக்காரு" என்று என்னையும் பக்கத்தில் இழுத்தார். மெழுகுவர்த்தியை நான் ஏற்றினேன். தங்கைக்காரி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு வந்து, அந்தப் பக்கத்து இடைவெளியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுடர் ஆடி, நிமிர்ந்து நின்றது.

சாமியார் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்கு நகர்ந்தார். அதற்குப் பிறகுதான் அக்கா கூடைக்குள் கையை விட்டார். ஃபிளாஸ்க்கைத் திறந்து, டம்ளர் நிறைய டீயை ஊற்றிச் சிலுவையின் அடியில் வைத்தார்.

"ஊதக்காத்து அடிக்குது" என்றார் அவரிடம். "சூடா கீது. குட்ச்சிட்டுப் போ."