சவரிமுத்து அண்ணனுக்கு முகம் போட்ட கதை

போர்டு எழுதுகிறவனுக்கு ஒரு சாபம் உண்டு. அவன் எழுதினதை ஊரே படிக்கும், எழுதினது யார் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். எண்பதுகளில் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பஞ்சர் கடை, டீக்கடை, லேத்துப் பட்டறை என்று நான் எழுதாத போர்டு இல்லை. ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்று சுவரில் எழுதிவிட்டுத் திரும்பினால், பெயிண்ட் காயும் முன்னே ஒருத்தன் அங்கேயே நிற்பான். என் எழுத்துக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான். அதனால்தான் எனக்கு முகம் வரைகிற ஆசை வந்தது. முகத்தைப் பார்த்தாலாவது நாலு பேர் நின்று பார்ப்பார்கள் இல்லையா? பிரஷ்ஷோ கரண்டியோ ஸ்பேனரோ, எதைப் பிடித்துப் பிழைக்கிறவராக இருந்தாலும் இந்த ஏக்கம் உங்களுக்கும் இருந்திருக்கும்.

குல்லா

கொரட்டூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் தடியான இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடைத்தது. அந்தக் காலத்துப் பெரிய பெரிய ஓவியர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் படம். எனக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழே தட்டுத்தடுமாறித்தான். அதனால் என்ன, கண் தெரியுமே! படத்தைப் பார்த்தே தொழிலைப் பிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது குல்லா. ஒரு ஓவியர் பாக்கியில்லாமல் எல்லார் தலையிலும் சாய்வாக ஒரு குல்லா. சூட்சுமம் இதில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டி, மார்கழிக்கு வாங்கின மங்கி குல்லாவைச் சுருட்டி மாட்டிக்கொண்டு, சித்திரை வெயிலில் பூந்தமல்லியில் ஒரு கறிக்கடைக்கு ஆடு வரையப் போனேன். வேர்வை கண்ணில் இறங்கி, ஆட்டுக்கு ஒரு கொம்பு கீழே போய்விட்டது. கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். “அண்ணாத்தே, ஜொரம்னா ஊட்டுக்குப் போய்ப் படு. ஆடு எங்கியும் ஓடிறாது.”

கட்டம்

அந்தச் சமயத்தில்தான் மேனாம்பேட்டிலிருந்து ஸ்டெல்லா அக்கா வந்தார். அவர் புருஷன் சவரிமுத்து எஸ்டேட்டில் ஒரு வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்தவர். இறந்து வருஷம் நெருங்குகிறது. வருஷப் பூசைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள். வீட்டில் மாட்ட ஒரு படம் இல்லை. “ஆணி அடிச்சி வச்சிட்டேன் தம்பி. வெறும் ஆணிக்கா மாலை போடறது?” என்று கேட்டார்.

மனுஷன் கேமராவுக்கு நின்றது ஒரே ஒரு தடவை, பட்டறை ஆயுத பூஜையில். கடைசி வரிசை. மூஞ்சி ஒரு துவரம்பருப்பு அளவு. அதிலும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஸ்டுடியோக்காரர் கைவிரித்துவிட்டார். என் கூட்டாளி ஏகாம்பரம் (எழுத்தில் புலி, படம் என்றால் பத்தடி தள்ளி நிற்பான்) வேண்டாம் மச்சான் என்று கண்ணைக் காட்டினான். நான் சரியென்று வாங்கிக்கொண்டேன். இந்த ஒரு படம் அந்த ஆணியில் ஏறிவிட்டால் நான் ஓவியன். ஏறாவிட்டால் மறுபடியும் ‘சிறுநீர் கழிக்காதீர்’தான்.

புத்தகத்தில் ஒருத்தர் படத்தின்மேல் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். நானும் பருப்புக்கு மேல் ஊசிமுனைப் பென்சிலால் கட்டம் போட்டேன். அந்த போட்டோவில் என்றைக்கோ ஒரு ஈ உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது. கட்டம் பொய் சொல்லுமா? ஈ வைத்துவிட்டுப் போனதையும் அளவு பிசகாமல் பெரிதாக்கிவிட்டேன். எப்படி வருகிறது என்று பார்க்க வந்த அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்: “மூக்கு மேல இன்னா தம்பி இது, நவாப்பழம் மாரி? அவுருக்கு அங்க கோவம் மட்டுந்தான் இருந்திச்சு.”

கண்ணாடி

இன்னொரு பக்கத்தில் ஓவியர் தன் படத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் பார்த்தால் கோணல் தெரியும் போலிருக்கிறது. வீட்டு பீரோ கண்ணாடிக்கு எதிரே படத்தை நிறுத்தினேன். ஆமாம், கோணல்தான். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்தே திருத்தினேன். கண்ணாடிக்குள் சவரிமுத்து அண்ணன் அம்சமாக வந்துவிட்டார்.

திரும்பி நேராகப் பார்த்தால் தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. வகிடு எதிர்ப்பக்கம் குடிபோயிருக்கிறது. ஏகாம்பரம் படத்தையும் பார்த்தான், பீரோவையும் பார்த்தான். “மாமே, பேசாம அந்த ஆணில பீரோவ மாட்டு.”

சுவர்

வரைந்த படத்தைச் சுவர் பக்கம் திருப்பிக் கொஞ்ச நாள் கண்ணில் படாமல் வைப்பதும் அவர்கள் வழக்கம் போல. புத்தகத்தில் அப்படியும் ஒரு பக்கம் இருந்தது. நானும் திருப்பி வைத்தேன். இங்கிலீஷ் தெரிந்திருந்தால் அதற்குப் பிறகு என்ன செய்யவேண்டும் என்பதையும் படித்திருப்பேன். தெரியாததால் சும்மா உட்கார்ந்திருந்தேன். பூசை நாள் மட்டும் நடந்து வந்துகொண்டே இருந்தது. வீட்டுக்காரி பெருக்கும்போதெல்லாம் முறைத்தாள். ஒரு நாள் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: “தப்பா வரைஞ்சது நீ, அவுரு எதுக்குய்யா செவுத்தப் பாத்துகினு நிக்கணும்?”

வீணை

கடைசியாகத்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பெரிய மனிதர்கள் எல்லாரும் ஆளை எதிரே உட்கார வைத்து வரைந்திருக்கிறார்கள். சவரிமுத்துவுக்கு ஒரு தம்பி, அந்தோணி. ஐயப்பன்தாங்கலில் இருக்கிறார். அண்ணன் தம்பி ஒரே அச்சு. அக்கா வீட்டில், அக்காவின் நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். அசையக்கூடாது என்று சொன்னதும் முகம் ரேஷன் கார்டு போட்டோ மாதிரி விறைத்துக்கொண்டது.

புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு படத்தில், உட்கார்ந்திருக்கிறவருக்கு எதிரே ஒருத்தர் வீணை மாதிரி எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். முகம் இளகத்தான் போலிருக்கிறது. மேனாம்பேட்டில் வீணைக்கு எங்கே போவேன்? “அக்கா, நீங்க எதையாவது பேசிக்கினு இருங்க” என்றேன்.

முதலில் மண்ணெண்ணெய் கியூவைப் பற்றிப் பேசினார். பிறகு மெல்லப் புருஷனிடம் வந்தார். “ஷிப்டு முடிஞ்சி வருவாரு. பேப்பர எடுத்து மூஞ்சிய மூடிக்குவாரு. நான் எது சொன்னாலும் ‘ம்’முனு ஒரு சத்தம். ஒரு நாளு, ஊடு பத்திகினு எரியுதுய்யான்னேன். ‘ம், அப்பறம்’ன்றாரு!” அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிறுத்தவில்லை. அந்தோணி எழுந்து ஓட முடியாது, அசையக்கூடாது என்று நான்தான் சொல்லியிருக்கிறேனே. புருவம் கொஞ்சம் உயர்ந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் அக்கா மேலேயே நின்றுவிட்டது. என் பிரஷ் அன்றைக்கு மாதிரி என்றைக்கும் ஓடினதில்லை. வேலை முடிந்ததும் அந்தோணி என்னைத் தெருவுக்கு இழுத்துவந்து காதில் சொன்னார்: “எங்க அண்ணன் ஏன் ஓயாம ஓவர்டைம் பாத்தாருன்னு இப்பத்தான் தெரியுது அண்ணாத்தே.”

ஆணி

பூசைக்கு முந்தின சாயங்காலம் படத்தைத் துணி சுற்றி எடுத்துப்போனோம். ஏகாம்பரம் சைக்கிளைத் தெருவைப் பார்த்தே திருப்பி நிறுத்தினான், எதற்கும் இருக்கட்டும் என்று. துணியை எடுத்தேன். வந்திருந்த சொந்தக்காரர்கள் “அப்படியே சவரிதான்” என்று வாயில் கைவைத்தார்கள். எனக்கு அவர்கள் முக்கியமில்லை. அக்காவைத்தான் பார்த்தேன். கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். நான் மனதுக்குள் மறுபடியும் சுண்ணாம்புச் சுவர் முன்னால் போய் நின்றுவிட்டேன்.

“இது அவுரு இல்ல” என்றார்.

ஏகாம்பரம் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்ட சத்தம் கேட்டது. அக்கா தானே படத்தைத் தூக்கி ஆணியில் மாட்டி, கோணல் இல்லாமல் இழுத்துவிட்டு, அதற்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். “அவுரு என்னைக்குத் தம்பி நான் பேசறத இப்பிடிக் கேட்டாரு? இருக்கட்டும், இனிமேலாவது கேக்கட்டும்.”

குல்லா, கட்டம், கண்ணாடி என்று அத்தனை மேதைகளிடமும் பாடம் படித்து நான் கண்டது, வரைகிறவனும் உட்கார்ந்திருக்கிறவனும் வாயை மூடிக்கொண்டால் மிச்ச வேலையை வீட்டுக்கார அம்மா பார்த்துக்கொள்வார் என்பதுதான்.